பழைய சோபா வந்ததிலிருந்து உடம்பெல்லாம் அரிக்குதா? தூக்கிப் போடும் முன் ஊட்டி ஈரத்தையும் கொஞ்சம் விசாரிங்க

குன்னூரில் வாடகை வீடு. வேலை பெங்களூரு கம்பெனியில், வீட்டிலிருந்தே. புது சோபா விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. சீசனுக்கு முன்னால் அறைகளைப் புதுப்பிக்கும் லாட்ஜ் ஒன்றிலிருந்து கழித்துக்கட்டிய சோபா செட், பாதி விலைக்கும் கீழே கிடைக்கிறது. தேக்குச் சட்டம், தடிமனான குஷன், போட்டோவில் பார்க்க அம்சமாக இருக்கிறது. வண்டி வாடகை, ஏற்றி இறக்கும் கூலி எல்லாம் சேர்த்தும் லாபம்தான்.

பத்து நாள் கழித்து அரிப்பு ஆரம்பிக்கிறது. முழங்கையில், தொடையில், இடுப்பில். ராத்திரி தூக்கம் போச்சு.

அதற்கப்புறம் நடப்பது எல்லா ஊரிலும் ஒன்றுதான். பக்கத்து வீட்டு அக்கா, "மூட்டைப்பூச்சியா இருக்கும் தம்பி, மண்ணெண்ணெய் ஊத்துங்க" என்பார். மெடிக்கல் ஷாப்பில் ஒரு ட்யூப் கொடுப்பார்கள். நண்பன் போனில், "டேய், அதைத் தூக்கிப் போடுடா" என்பான். ஒரே வாரத்தில் மருந்தும் அடித்தாச்சு, ட்யூபும் தடவியாச்சு, சோபாவும் போயாச்சு. அரிப்பு குறைந்தால் எதனால் குறைந்தது என்று தெரியாது. குறையாவிட்டால் அடுத்து எதைத் தூக்கிப் போடுவது என்றும் தெரியாது. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதை என்று நம்மூரில் சொல்வது சும்மா இல்லை.

செகண்ட்ஹேண்ட் சாமான்களால் தோல் அரிப்பு வருமா என்றால், வரும். ஆனால் அதற்கு ஒரே காரணம் கிடையாது. ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத நாலைந்து காரணங்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு. ஒன்றுக்குச் செய்கிற வைத்தியம் இன்னொன்றை மோசமாக்கும். அதனால் மருந்து அடிப்பது கடைசி வேலையாகத்தான் இருக்க வேண்டும். நீலகிரியில் இது இன்னும் பொருந்தும். இங்கே ஆதாரம் சேர்க்கும் முன்பே தீர்ப்பு எழுதிவிடத் தூண்டும் விஷயங்கள் அதிகம்.

சோபா மட்டும்தான் புதுசா?

பழைய சாமான் எப்போது வாங்குகிறோம்? பெரும்பாலும் வீடு மாறும்போது. அதாவது சோபா வந்த அதே வாரத்தில்தான் வீடும் புதுசு, தண்ணீரும் புதுசு, குளிரும் புதுசு. "சோபா வந்ததிலிருந்து அரிக்குது" என்பதும் "மலைக்கு வந்ததிலிருந்து அரிக்குது" என்பதும் காலண்டரில் ஒரே தேதி.

சமவெளியிலிருந்து ஊட்டிக்கு வருபவர் முதலில் செய்வது, கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் வைத்துக் குளிப்பது. குளிருக்கு அது சுகம். தோலுக்கு அது தண்டனை. தோலின் மேல் இருக்கும் எண்ணெய்ப் பசையை வெந்நீரும் சோப்பும் சேர்ந்து வழித்துவிடும். டிசம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை வெயிலும் உறைபனியுமாகக் காற்று காய்ந்து கிடக்கும் மாதங்களில், வறண்ட தோல் ஒன்று போதும், கால் முழுக்க அரிப்பதற்கு. அதற்கு மேல் கம்பளி ஸ்வெட்டர் வேறு. பாட்டி சொன்ன தேங்காய் எண்ணெய் நல்ல வைத்தியம்தான், ஆனால் ஊட்டியில் அது பாட்டிலுக்குள் கல்லாக உறைந்து கிடக்கும், அதனாலேயே யாரும் தடவுவதில்லை.

இந்த மாதிரி அரிப்பில் தடிப்போ கொப்புளமோ முதலில் இருக்காது. தோல் வெளுத்துச் செதில் செதிலாகத் தெரியும், முக்கியமாகக் கெண்டைக்காலில். வெதுவெதுப்பான தண்ணீர், குறைந்த சோப்பு, குளித்த ஈரத்தோடு எண்ணெயோ மாய்ஸ்சரைசரோ. ஒரு வாரத்தில் அடங்கினால் சோபா நிரபராதி.

'மலைக்குப் போனா சரியாயிடும்'

1820-களில் ஆங்கிலேயர்கள் உதகையில் வீடு கட்டத் தொடங்கியதிலிருந்தே, மலை என்றால் உடம்பு தேறும் இடம் என்று ஒரு நினைப்பு ஊறிப்போயிருக்கிறது. ஒவ்வாமை விஷயத்தில் இந்த நினைப்புக்கு ஐரோப்பாவில் ஆதாரமும் உண்டு. சுவிட்சர்லாந்தின் டாவோஸ் 1,560 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆஸ்துமா நோயாளிகளை அங்கே அனுப்பிவைப்பது பழைய வழக்கம். காரணம், அங்கே 'டஸ்ட் மைட்' எனப்படும் தூசு உண்ணிகள் மிகக் குறைவு.

இந்தத் தூசு உண்ணிகள்தான் வீட்டுத் தூசி அலர்ஜிக்கு முக்கியக் காரணம் என்பதை 1964-ல் நெதர்லாந்தின் லைடன் நகரில் வூர்ஹோர்ஸ்ட், ஸ்பீக்ஸ்மா ஆகியோர் வெளிக்கொண்டு வந்தார்கள். சுமார் 0.3 மில்லிமீட்டர் நீளம், வெறுங்கண்ணுக்குக் கிட்டத்தட்ட தெரியாது. கடிக்காது. நாம் உதிர்க்கும் தோல் செதில்தான் அதன் சாப்பாடு. சிக்கல் அதன் கழிவில் இருக்கிறது. அதில் உள்ள புரதம் தும்மல், மூக்கடைப்பு, ஆஸ்துமாவைக் கிளப்பும். ஏற்கெனவே எக்ஸிமா உள்ளவர்களின் தோலில் அரிப்பைக் கூட்டும்.

இந்தப் பிராணி தண்ணீரே குடிக்காது, காற்றில் இருக்கும் ஈரத்தைத்தான் உறிஞ்சிக்கொள்ளும். ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே நெடுநாள் இருந்தால் வற்றிச் சாகும். டாவோஸில் அவை இல்லாததற்கு உயரம் காரணமல்ல, உயரத்தோடு வந்த வறட்சிதான் காரணம். 2,600 மீட்டர் உயரத்தில் இருக்கும் கொலம்பியத் தலைநகர் போகோட்டாவில் 1970-களிலேயே ஆராய்ச்சியாளர்கள் வீட்டுத் தூசியைச் சோதித்தார்கள். உண்ணிகள் தாராளமாக இருந்தன. வெப்பமண்டல மலை, ஈரமான காற்று.

உதகை 2,240 மீட்டர். ஜூனில் தென்மேற்குப் பருவமழை, அக்டோபரில் வடகிழக்கு, நடுவில் மஞ்சு மூட்டம். கூடலூர், பந்தலூர் பக்கம் முதல் மழை அடித்துத் தள்ளும். குன்னூர், கோத்தகிரியில் இரண்டாவது மழைதான் பெரிசு. ஆடியில் துவைத்த துணி மூணு நாள் காயாமல் மணக்கும் ஊரில், ஒரு தேங்காய் நார் மெத்தையோ பழைய ஃபோம் குஷனோ எப்படிக் காய்ந்திருக்கும்? இந்த விஷயத்தில் ஊட்டி டாவோஸின் கட்சி இல்லை, போகோட்டாவின் கட்சி.

மனிதர்களின் முன்தீர்ப்பையும் இங்கே கவனிக்கணும். எஸ்டேட் லைன் வீட்டிலிருந்து வந்த கட்டில் என்றால் முகம் சுளிப்பவர்கள், பங்களா சோபா என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்குகிறார்கள். தினமும் ஆள் புழங்கி, அடுப்பு எரிந்து, கதவு திறந்து கிடக்கும் வீட்டின் பலகைக் கட்டிலைவிட, வருஷத்தில் பத்து மாதம் திரைச்சீலை மூடிக் கிடக்கும் விருந்தினர் அறையின் துணி சோபாவில்தான் ஈரமும் பூசணமும் தூசு உண்ணியும் அதிகம் தங்கும். சுத்தம் வேறு, காய்ச்சல் வேறு. பார்வைக்குப் பளபளப்பாக இருப்பது உள்ளே ஓதம் ஏறிக் கிடக்கலாம்.

ஈரமான மரச் சாமானில் இன்னொரு ஆள் மாறாட்டமும் நடக்கும். மழைக் காலத்தில் பழைய பீரோவின் பின்பக்கம், புத்தக அலமாரியின் மூலை போன்ற இடங்களில் வெளிர் நிறத்தில் பொடிப்பொடியாகப் பூச்சிகள் ஓடும். பார்த்தவுடன் "ஐயோ, மூட்டைப்பூச்சிக் குஞ்சு" என்று பதறுவார்கள். பெரும்பாலும் அது புத்தகப் பேன். பெயரில்தான் பேன், ரத்தத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கண்ணுக்குத் தெரியாத பூசணத்தைத் தின்று வாழ்கிறது, கடிக்கவே கடிக்காது. சாமானைக் காய வைத்தால் தானாகப் போய்விடும். இதற்குப் பூச்சிமருந்து அடிப்பது தண்டச் செலவு.

மூட்டைப்பூச்சி: பூச்சியைவிட வெட்கம் பெரிசு

பழைய கட்டில், மெத்தை, சோபா வழியாக வீட்டுக்குள் வருபவற்றில் நிஜமாகவே பயப்பட வேண்டியது இதுதான். வளர்ந்த பூச்சி ஆப்பிள் விதை அளவு இருக்கும். தட்டையானது, ஒரு ஏடிஎம் கார்டு நுழையும் இடுக்கு போதும். பகலில் சட்டத்தின் பொருத்துகளிலும் குஷன் தையல் மடிப்பிலும் ஒளிந்திருந்து, ராத்திரி வரும். காலையில் எழுந்தால் போர்வைக்கு வெளியே இருந்த கை, கழுத்து, கணுக்கால் பகுதிகளில் தடிப்புகள். சில சமயம் ஒரே கோட்டில் மூன்று நான்கு.

"மூணு மாசமா குடோன்ல சும்மாதான் சார் கிடந்தது, பூச்சியெல்லாம் செத்திருக்கும்" என்று விற்பவர் சொல்லலாம். பொய் சொல்லவேண்டும் என்று அவர் சொல்லாமலும் இருக்கலாம். ஆனால் கணக்கு தப்பு. மூட்டைப்பூச்சி சாப்பாடு இல்லாமல் மாதக்கணக்கில் தாங்கும், குளிரான இடத்தில் அதன் உடல் மெதுவாக இயங்குவதால் இன்னும் அதிக நாள் தாங்கும். சென்னை குடோனைவிட ஊட்டி குடோன் அதற்கு நல்ல குளிர்பதனக் கிடங்கு.

"ஊட்டிக் குளிருக்குப் பூச்சி எங்கே இருக்கும்?" என்பது அடுத்த நம்பிக்கை. குளிரால் கொல்லவேண்டுமானால் மைனஸ் 18 டிகிரியில் நாலு நாள் வைக்க வேண்டும். தலைக்குந்தா புல்வெளி உறைபனியில் வெள்ளையாகும் ராத்திரிகளில்கூட வெப்பம் பூஜ்ஜியத்தை ஒட்டித்தான் இருக்கும், அதுவும் வெளியில். வீட்டுக்குள் நமக்குக் குளிராகத் தெரிவது பூச்சிக்கு ஒரு பொருட்டே அல்ல.

இன்னொரு தப்பான கணக்கு வீட்டுக்குள்ளேயே நடக்கும். ஒரே கட்டிலில் படுக்கிற கணவருக்கு ஒன்றுமில்லை, மனைவிக்கு மட்டும் தடிப்பு. "பூச்சின்னா எனக்கும் கடிச்சிருக்கணுமே" என்பார் அவர். கடித்திருக்கும். சிலர் உடம்பு எந்தக் குறியும் காட்டாது. முதல் முறை கடி வாங்குபவருக்குத் தடிப்பு வெளியே தெரியவே சில நாட்கள், சமயத்தில் ஒன்றிரண்டு வாரம்கூட ஆகலாம். அதனால் யாருக்கு அரிக்கிறது என்று பார்ப்பதைவிடச் சட்டத்தில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதுதான் ஆதாரம். மை தொட்டு வைத்த மாதிரிக் கரும்புள்ளிகள், உரித்துப்போட்ட சட்டைகள், ஒரு மில்லிமீட்டர் அளவில் வெள்ளை முட்டைகள். ஒரு டார்ச், ஒரு பழைய கார்டு, பத்து நிமிஷம். அவ்வளவுதான்.

ஆனால் அந்தப் பத்து நிமிஷத்தைச் செலவழிக்க விடாதது வெட்கம். மூட்டைப்பூச்சி இருக்கிறது என்று சொன்னால் அழுக்கு வீடு என்று பெயர் வந்துவிடும். அதனால் விற்பவர் சொல்வதில்லை, வாங்குபவர் கடை வாசலில் குஷனைக் கழற்றிப் பார்க்கக் கூச்சப்படுகிறார், வாங்கிய பிறகு வேலைக்கு வரும் அம்மா மேல் சந்தேகப்படுகிறார். இந்தப் பூச்சிக்குத் தேவை மனித ரத்தமும் ஒரு இடுக்கும்தான், அழுக்கு அல்ல. 2023 இலையுதிர் காலத்தில் பாரிஸ் நகரமே மூட்டைப்பூச்சிப் பீதியில் ஆடியது, மெட்ரோ ரயில் வரைக்கும் சந்தேகம் போனது. அடுத்த சில வாரங்களில் சோலிலும் அதே பதற்றம். பாரிஸுக்கு வராத மானக்கேடு குன்னூருக்கு மட்டும் ஏன் வரணும்?

பழைய சாமான் விற்பவர்கள் இரண்டே விஷயம் செய்தால் போதும். பொருள் லாட்ஜிலிருந்து வந்ததா, வீட்டிலிருந்து வந்ததா என்று சொல்வது, கவிழ்த்துப் பார்க்க இடம் கொடுப்பது. ஆன்லைனில் விற்பவர் முன்பக்கத்தை மட்டும் நாலு கோணத்தில் போட்டோ போடுகிறார். அடிப்பக்கத்தைப் போட்டோ கேளுங்கள், தயங்கினால் வேறு ஆளைப் பாருங்கள்.

ஃபின்லாந்து நாற்காலியிலிருந்து கிடைத்த பாடம்

பூச்சியே இல்லாமல் சோபா கடித்த கதை ஒன்று உண்டு. 2006 கடைசியில் ஃபின்லாந்தில் தோல் மருத்துவர்களிடம் ஒரே மாதிரியான நோயாளிகள் வரத் தொடங்கினார்கள். முதுகு, பிட்டம், தொடையின் பின்பக்கம், கைகளில் கடுமையான எக்ஸிமா. நாற்காலியில் உட்காரும்போது உடம்பு எங்கெங்கே படுமோ, அங்கெல்லாம். புதிதாக வாங்கிய, சீனாவில் தயாரான இருக்கைகள்தான் பொதுவான அம்சம். பிறகு பிரிட்டன், பிரான்ஸ் என்று பல நாடுகளில் அதே கதை.

இருக்கைத் துணியைத் துண்டு துண்டாக வெட்டி, அதிலிருந்த ரசாயனங்களைப் பிரித்து, நோயாளியின் முதுகில் பேட்ச் டெஸ்ட் வைத்துத் தேடினார்கள். குற்றவாளி டைமெத்தில் ஃப்யூமரேட். கப்பலில் வரும்போது பூசணம் பிடிக்காமல் இருக்க, சிறு பொட்டலங்களில் இருக்கைக்குள் வைக்கப்பட்டது. உட்காருபவரின் உடல் சூட்டில் ஆவியாகித் துணியில் ஏறி, துணியைத் தாண்டித் தோலைத் தொட்டது. 2009 மே மாதத்திலிருந்து, கிலோவுக்கு 0.1 மில்லிகிராமுக்கு மேல் இது இருக்கும் எந்தப் பொருளையும் விற்க ஐரோப்பிய ஒன்றியம் தடை போட்டது. பிரிட்டனில் 2010-ல் சுமார் 2,000 பேருக்கு 2 கோடி பவுண்டு வரை இழப்பீடு என்று வழக்கு முடிந்தது.

இந்தக் கதை நீலகிரிக்கு இரண்டு விதத்தில் பொருந்தும். அங்கேயும் எதிரி பூசணம்தான், பூசணத்துக்குப் பயந்து வைத்த பொருள்தான் ஆளைக் கடித்தது. ஊட்டியில் பீரோவுக்குப் பீரோ பாச்சை உருண்டை போடுவதும் அதே பயம்தான். நாப்தலீன் வாசனை ஏறிய துணியும் கம்பளியும், ஜி6பிடி என்சைம் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு ரத்த அணுக்கள் உடையும் அளவுக்கு ஆபத்தாக முடியலாம். பழைய பீரோ வாங்கினால் முதல் வேலை, மூலையில் கிடக்கும் உருண்டைகளை வழித்தெடுத்துக் கதவைத் திறந்து போட்டு வாசனை போக விடுவது.

இரண்டாவது, தேடும் முறை. அந்த மருத்துவர்களுக்கு வழி காட்டியது உடம்பில் எங்கே அரிக்கிறது என்ற வரைபடம். சாமானில் உள்ள ரசாயனம், ரெக்சின், பசை, விற்பதற்கு முன் அவசரமாக அடித்த வார்னிஷ் இவற்றால் வரும் ஒவ்வாமை, பொருள் படும் இடத்தில்தான் வரும். சோபாவில் உட்காராத மணிக்கட்டின் உள்பக்கத்தில் அரித்தால் சோபா பாலிஷைத் திட்டிப் பயனில்லை.

மரத்தின் மேலும் சிலருக்குச் சந்தேகம் வரும். நீலகிரியில் அதற்கு ஓரளவு நியாயம் உண்டு. தேயிலைத் தோட்டங்களில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் மரத்தில் கிரெவில்லால் என்றொரு பொருள் இருக்கிறது. துணிக்குச் சலவைக் குறி போடப் பயன்பட்ட சேங்கொட்டைச் சாறு பட்டால் தோல் வெந்துபோகுமே, அதிலுள்ள ரசாயனத்தின் தூரத்துச் சொந்தம் இது. கூடலூர் பக்கத்து ஈட்டி மரத்திலும் தோலை உறுத்தும் பொருள்கள் உண்டு. ஆனால் அறுக்கிற, இழைக்கிற கார்பெண்டர்களுக்குத்தான் இந்தத் தொல்லை, தூசியாகப் பறக்கும்போது. ஐம்பது வருஷம் பழகி, பாலிஷ் ஏறிய ஈட்டி நாற்காலியில் உட்காருபவருக்கு அநேகமாக ஒன்றும் ஆகாது. அதைச் சுரண்டி, உப்புத்தாள் தேய்த்துப் புதுப்பிக்கப் போகிறவர்தான் மாஸ்க்கும் முழுக்கைச் சட்டையும் போட்டுக்கொள்ள வேண்டும்.

உளுத்த மரமும் வால்நட்சத்திரமும்

பழைய மரத்தில் குண்டூசி முனை அளவு ஓட்டைகள், அடியில் மாவு கொட்டியது போலத் தூள். உளுத்துப்போச்சு என்போம். அரிக்கும் வண்டு மனிதரைக் கடிக்காது. ஆனால் அந்த வண்டின் புழுவைத் தின்று வாழும் நுண்ணிய உண்ணி ஒன்று இருக்கிறது, அது ஆளையும் கடிக்கும்.

2007 மே முதல் செப்டம்பர் வரை பிரான்சின் தென்கிழக்கில் 23 வீடுகளில் 42 பேருக்கு விளங்காத அரிப்பு. தடிப்புக்குப் பக்கத்தில் சிவப்பாக ஒரு கோடு, வால்நட்சத்திரம் போல. தேடிப்போனபோது வீடுகளிலிருந்த மரச் சாமான்களில் வண்டு அரித்திருந்தது, வண்டோடு பையெமோட்டிஸ் என்ற இந்த உண்ணி இருந்தது. மருத்துவர்கள் தோலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் கண்டுபிடித்திருக்க முடியாது, வீட்டுக்குப் போய் மரத்தைப் பார்த்ததால்தான் தெரிந்தது. உங்கள் பழைய மேஜைக்கடியில் தினமும் புதிதாகத் தூள் கொட்டுகிறது, அதோடு உடம்பில் துணி மூடிய இடங்களிலும் அரிக்கிறது என்றால், மருத்துவரிடம் அந்தத் தூளைப் பற்றியும் சொல்லுங்கள். அரிப்புக்காகப் போனவர் மேஜையைப் பற்றிப் பேசினால் யாரும் சிரிக்க மாட்டார்கள்.

அந்த ட்யூப்தான் உண்மையான வில்லன்

இத்தனை சந்தேக நபர்களுக்கு நடுவே, சாமானோடு சம்பந்தமே இல்லாத இரண்டு பேர் தப்பித்துப் போகிறார்கள். ஒருவர் சிரங்கு எனப்படும் ஸ்கேபீஸ். விரல் இடுக்கு, மணிக்கட்டு, இடுப்பு, ராத்திரியில் தாங்க முடியாத அரிப்பு, வீட்டில் ஒவ்வொருவராகத் தொற்றும். இந்த உண்ணி மனிதத் தோலை விட்டு இரண்டு மூன்று நாளுக்கு மேல் பிழைக்காது. அதனால் வாரக்கணக்கில் கடையில் கிடந்த சோபாவிலிருந்து இது வர வாய்ப்பே இல்லை, ஆளிடமிருந்து ஆளுக்குத்தான். இன்னொருவர் படர்தாமரை. வட்ட வட்டமாக, ஓரம் தடித்து, பெரும்பாலும் தொடை இடுக்கில் தொடங்கும்.

இரண்டுக்கும் கடையில் கிடைப்பது பெரும்பாலும் அதே ட்யூப்தான். ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, ஆன்டிபயாடிக் எல்லாம் ஒன்றாகக் கலந்தது. தடவிய இரண்டே நாளில் அரிப்பு அடங்கும், ஏனென்றால் ஸ்டீராய்டு வீக்கத்தை அமுக்கிவிடும். அடியில் பூஞ்சை சத்தமில்லாமல் பரவும், சிரங்கு உண்ணி சௌகரியமாகப் பெருகும். இந்தியாவில் படர்தாமரை சாதாரண மருந்துக்குக் கட்டுப்படாத தலைவலியாக மாறியதற்கு இந்தக் கலவைக் களிம்புகளைத் தோல் மருத்துவர்கள் பல வருஷமாகக் குற்றம் சாட்டுகிறார்கள். 2018-ல் மத்திய அரசு பல ஸ்டீராய்டு களிம்புகளை டாக்டர் சீட்டு இருந்தால் மட்டுமே விற்கவேண்டிய பட்டியலுக்குள் கொண்டுவந்தது. கவுன்டரில் எத்தனை பேர் சீட்டு கேட்கிறார்கள் என்பது வாசகர்களுக்கே தெரியும்.

ட்யூப் செய்யும் இன்னொரு கெடுதல், துப்பை அழித்துவிடுவது. வட்டமும் கோடும் மங்கிப்போன தோலைப் பார்த்து டாக்டரும் குழம்புவார். உதகையில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது, 2025 ஏப்ரலில் 700 படுக்கைகளுடன் புதிய மருத்துவமனைக் கட்டிடமும் திறந்தாச்சு. தோல் டாக்டரைப் பார்க்கக் கோவைக்குத்தான் இறங்கணும் என்ற பழைய சாக்கு இனி செல்லாது. எதையும் தடவும் முன் போனில் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு போங்கள்.

மருந்து அடிப்பவர்கள் கவனத்துக்கு

கடைகளில் கிடைக்கும் பூச்சி ஸ்ப்ரேக்களில் பெரும்பாலானவை பைரெத்ராய்டு வகை. மூட்டைப்பூச்சிகள் அதற்குப் பழகிப்போய்ப் பல காலம் ஆகிறது. டி.டி.டி.க்கே 1940-களில் தண்ணி காட்டியவை அவை. நேராக மேலே படாத பூச்சி நகர்ந்து அடுத்த அறைக்குப் போகும், அவ்வளவுதான். தலையணைக்குப் பக்கத்தில் அடித்த மருந்தை ராத்திரி முழுக்கச் சுவாசிப்பது நாம். ஊட்டியில் குளிருக்கு ஜன்னலையும் மூடிவிடுவோம். மண்ணெண்ணெய் ஊற்றிய சோபா பக்கத்தில் ரூம் ஹீட்டர் வைப்பதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூர் அருகே, எலிக்காக மருந்து வைக்கப்பட்ட வீட்டில் தூங்கிய இரண்டு குழந்தைகள் இறந்தார்கள், பெற்றோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். அது எலி மருந்து, சோபா மருந்து அல்ல. ஆனால் மூடிய அறை, கடுமையான விஷம், ராத்திரித் தூக்கம் என்ற மூன்றும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு வேறு உதாரணம் தேவையில்லை.

மூட்டைப்பூச்சி உண்மையிலேயே இருக்கிறது என்று பார்த்து உறுதி செய்தால், சூடுதான் நம்பகமான ஆயுதம். 55 டிகிரி செல்சியஸ் சூடு உள்ளே வரை போனால் முட்டை உள்பட சில நிமிடங்களில் சாகும். சமவெளியில் நம் வீட்டுப் பெரியவர்கள் கட்டிலைச் சித்திரை வெயிலில் போட்டதும், பொருத்துகளில் கொதிநீர் ஊற்றியதும் இதற்குத்தான். மலையில் வெயில் அந்தச் சூட்டைத் தராது. கொதிநீர் தரும். உயரத்தால் ஊட்டியில் தண்ணீர் 93 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும், பருப்பு வேகத்தான் அது தாமதம், பூச்சிக்கு அது தாராளம். துணி உறைகளை 60 டிகிரியில் துவைத்தால் தூசு உண்ணியும் சேர்ந்து போகும். சட்டத்துக்கு நீராவி. கட்டில் கால்களுக்கு எறும்பு ஏறாமல் கிண்ணம் வைக்கிற மாதிரி, வழுவழுப்பான கிண்ணம் வைத்தால் ஏற வரும் பூச்சி அதில் விழுந்து கிடக்கும், இருக்கிறதா இல்லையா என்ற கேள்விக்கும் பதில் கிடைக்கும். பழைய மெத்தை, ஃபோம் குஷன் இரண்டையும் மட்டும் யார் இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காமல் இருப்பது நல்லது. சட்டத்தை வாங்கிக்கொண்டு குஷனைப் புதிதாகத் தைத்துக்கொள்வதில் காசு கொஞ்சம் கூடும், ஆனால் மேலே சொன்ன சந்தேக நபர்களில் பாதிப் பேர் பட்டியலை விட்டுப் போய்விடுவார்கள்.

ஏற்கெனவே வாங்கி, அரிப்பும் வந்துவிட்டவர்களுக்கு ஒரு சோதனை இருக்கிறது. சோபாவை இரண்டு வாரம் வராண்டாவில் போட்டுவிடுங்கள். அந்த இரண்டு வாரம் வேறு எதையும் மாற்ற வேண்டாம். ஸ்ப்ரே வேண்டாம், ட்யூப் வேண்டாம், சோப்பு மாற்ற வேண்டாம். தினமும் காலையில் எங்கே அரிக்கிறது, வீட்டில் வேறு யாருக்கு அரிக்கிறது என்று போனில் ஒரு வரி குறித்து வையுங்கள். அரிப்பு குறைந்தால் சோபாவைக் கவிழ்த்து டார்ச் அடித்துத் தேடுங்கள். புதுப் புண், நீர்க்கோத்தல், காய்ச்சல் என்று வந்தால் இரண்டு வாரம் காத்திருக்காமல் உடனே டாக்டரிடம் போக வேண்டும். சோபா வெளியே இருந்தும் அரிப்பு அப்படியே தொடர்ந்தால், அந்தக் குறிப்போடு தோல் டாக்டரைப் பாருங்கள். சோபாவை உள்ளே எடுத்து வைத்துவிடலாம், மழை வருவதற்குள்.